கட்டம் போட்ட தாளில் ஒரு நகரம்

மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அப்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஆறு நாள். நாள் வாரியா போட்டிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

ஜூன் மூன்றாம் வாரம். எந்த நாள் எந்த மியூசியம், எந்த மெட்ரோவில் இறங்க வேண்டும், நெவா ஆற்றுப் பாலங்களை நடுச்சாமத்தில் எத்தனை மணிக்குத் தூக்குவார்கள், எல்லாம் நிமிஷக் கணக்கில் இருந்தது. திங்கட்கிழமை ஹெர்மிடேஜ் விடுமுறை என்பதைச் சிவப்பில் குறித்திருந்தாள்.

இதே ஊருக்கு நான் போட்ட முதல் திட்டம் ஒரு நோட்டுத் தாளில் அடங்கிவிட்டது. 1985 ஜனவரி. நான் மாஸ்கோவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் பெயர் அப்போது லெனின்கிராட். வெளிநாட்டு மாணவன் நினைத்த நேரத்தில் அடுத்த நகரத்துக்குப் போய்விட முடியாது. எந்த ஊர், எத்தனை நாள், என்ன காரணம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "பார்ப்பதற்கு" என்று எழுதினேன். அதைவிட உண்மையான காரணம் எனக்கு இல்லை. கோவில்பட்டிக்கு வந்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் புத்தக வண்டியில் தாஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' வாங்கிப் படித்த நாளிலிருந்து, இருட்டே வராத அந்த இரவில் நெவா கரையில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று இருந்தது.

ஆனால் விடுமுறை கிடைத்தது ஜனவரியில். அந்த மாதம் அங்கே பகல் என்பதே ஏழு மணி நேரம். காலை ஒன்பதரைக்கு மேல்தான் விடியும், சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டிவிடும். இந்தத் தடவை மகள் ஜூனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான்தான். சூரியன் ராத்திரி பத்தரைக்குப் போய் மூன்றரைக்கு வந்துவிடும். நடுவில் இருப்பதை இரவு என்று சொல்ல மனசு வராது.

ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்தவன் உக்ரைன்காரன், கார்கிவ் நகரத்தான். "நான் அனுப்புகிற இடத்துக்குப் போ" என்று கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். நெவாவை ஒரு வளைந்த கோடாகப் போட்டான். நெவ்ஸ்கி பெருஞ்சாலை ஒரு நேர்கோடு. மூன்று இடங்களில் பெருக்கல் குறி. நான்காவதாக, ஊருக்கு வடக்கே, ஒரு சின்ன வீடு வரைந்து புகைபோக்கியும் வைத்தான். ஐந்து மாடிக் குடியிருப்புக்கு ஏது புகைபோக்கி? ஆனாலும் வைத்தான். அது அவனுடைய பாட்டி வீடு.

லெனின்கிராட் ரயில் நிலையம் என்றுதான் மாஸ்கோவில் நான் ரயில் ஏறிய ஸ்டேஷனுக்குப் பெயர். 1991 செப்டம்பரில் ஊர் தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது, ஸ்டேஷன் திரும்பவில்லை. இன்றைக்கும் லெனின்கிராட் நிலையத்தில் ஏறி பீட்டர்ஸ்பர்க்கில்தான் இறங்க வேண்டும்.

பெருக்கல் குறி போட்ட இடங்களைப் பார்த்தேன். ஈசாக் கதீட்ரலில் அப்போது வழிபாடு கிடையாது; கோபுரத்தின் உச்சியிலிருந்து ஃபூக்கோ ஊசல் ஒன்று தொங்கி, பூமி சுழல்வதைக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமே அதைக் கழற்றிவிட்டார்கள். ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 1881-இல் குண்டு வீசிக் கொல்லப்பட்ட இடத்தில் கட்டிய தேவாலயத்தை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1970-களிலிருந்தே அது சாரத்துக்குள் கிடந்தது. கீழே நின்று அண்ணாந்தால் குழாயும் பலகையும் பனியும். அந்தச் சாரம் பிரிக்கப்படும் நாளில் சோவியத் ஆட்சியும் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். பிரித்த வருஷமும் 1991-தான்.

ஹெர்மிடேஜில் ரெம்ப்ராண்டின் டானே ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தப் பெண் கையை உயர்த்தி யாரையோ வரவேற்கிற ஓவியம். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 15 அன்று, ஒருவன் அதைக் கத்தியால் குத்தி அமிலத்தை ஊற்றினான். சீர் செய்ய 12 வருஷம் ஆனது. மகள் பட்டியலில் "ரெம்ப்ராண்ட் அறை, 40 நிமிஷம்" என்று இருக்கிறது. எனக்கு அந்த 40-ம் டானேவுக்கே வேண்டும். நான் பார்த்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தேட வேண்டும்.

நான்காவது இடத்துக்கு மூன்றாம் நாள் போனேன். பாட்டி கதவைத் திறந்ததும் பேரன் கையெழுத்திலிருந்த தாளை வாங்கி, புகைபோக்கியைப் பார்த்துச் சிரித்தார். தேநீர் ஊற்றினார். கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டை நறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுதான், ஒரு நாளைக்கு" என்றார்.

லெனின்கிராடை ஜெர்மன் படைகள் 872 நாள் முற்றுகை இட்டிருந்தன. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை குழந்தைகளுக்கும் ஆலைத் தொழிலாளிகள் அல்லாதவர்களுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி. அதுவும் முழு மாவு கிடையாது. மரக்கூழ் சேர்த்தார்கள், இன்னொன்றும் சேர்த்தார்கள், அதைப் பாட்டி 'ஷ்மிக்' என்றார். எனக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் அழுத்திப் பிழிந்து காட்டி, எண்ணெய் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் மிஞ்சுவது என்றார். பருத்தி விதையிலிருந்து எடுத்தது, துறைமுகத்தில் கிடந்ததாம்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அது மூட்டையாக இருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் எழும்புகிற வாசனை அந்த நிமிஷம் என் மூக்குக்கு வந்தது. எங்கள் மாட்டுக்கு வைப்பது, அதன் பெயர் புண்ணாக்கு என்றேன். "புனாகு, புனாகு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். 'ண' அவர் நாக்குக்கு வரவில்லை. சொல்லை ஒரு காகிதத்தில் ரஷ்ய எழுத்தில் குறித்து, சமையலறை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார்.

மறுநாள் என்னைப் பிஸ்கர்யோவ்கா கல்லறைக்குக் கூட்டிப்போனார். முற்றுகையில் இறந்த பொதுமக்களில் ஏறக்குறைய 4,20,000 பேர் அங்கே நீள நீளமான மேடுகளுக்கு அடியில் இருக்கிறார்கள். பெயர் இல்லை, ஒவ்வொரு மேட்டுக் கல்லிலும் வருஷம் மட்டும். 1942 என்று இருந்த ஒரு மேட்டின் பனியில் பாட்டி ஒரு ரொட்டித் துண்டை வைத்தார். அவருடைய அம்மாவும் தங்கையும் எந்த மேட்டில் என்று அவருக்கே தெரியாது. "1942 எல்லாமே என்னுடையதுதான்" என்றார்.

மகள் பட்டியலில் பிஸ்கர்யோவ்கா இல்லை. "முதல் நாள் காலையில போடு தாயி" என்றேன். குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகத்தையும் சேர்க்கச் சொன்னேன். அங்கே வேலை பார்த்த அலெக்சாந்தர் மெர்வார்ட், முதல் உலகப் போர்க் காலத்தில் மனைவியோடு இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றித் தமிழ் கற்று, ஆயிரக்கணக்கான பொருட்களைச் சேகரித்துக் கொண்டுபோனவர். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு லெனின்கிராடில் இலக்கணம் அச்சிட்டார். மறு வருஷம் கைதானார். 1932-இல் முகாமில் இறந்தார். என் மாணவ நாளில் அந்த வாசல் வழியாக நடந்தும் இது எனக்குத் தெரியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

மற்றபடி ஏற்பாடெல்லாம் சுலபம். 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியர்களுக்கு மின்விசா. ஊர் ஊராக அனுமதி வாங்க வேண்டாம். காசு விஷயம்தான் தலைகீழ். டாலர் நோட்டு கையில் இருந்தாலே எங்களுக்குப் பயம் அப்போது. 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாததால், இப்போது கசங்காத டாலர் நோட்டாகப் பார்த்து எடுத்துப்போக வேண்டும்.

சுலபம் என்று எழுதியது டிக்கெட்டைப் பற்றி. உக்ரைன் மீது ரஷ்யாவின் போர் நடக்கும்போது போகலாமா என்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கார்கிவ் மேல் குண்டு விழும் செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் அந்த ஹாஸ்டல் நண்பனுக்குச் செய்தி அனுப்புகிறவன் நான். அவனிடமே கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை.

நான்காம் நாள் எழுதினான். "நீ போ. என்னால் போக முடியாது. பாட்டி அங்கே தனியாக இருக்கிறாள்." கூடவே ஒரு போட்டோ. கட்டம் போட்ட தாள். வளைந்த கோடாக நெவா. ஊருக்கு வடக்கே, கல்லறையின் வாசல், இடது பக்கம் திரும்ப ஓர் அம்புக்குறி, வரிசை எண், இரண்டு பிர்ச் மரம். அடியில் ஒரு வரி: கார்னேஷன், இரட்டைப்படையில்.

இறந்தவர்களுக்கு அங்கே இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள் என்று மகளிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் மத்தியானத்தில் அவள் வைத்திருந்த படகுச் சவாரியை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எழுதினாள்: பாட்டி வீடு. இரண்டு கார்னேஷன்.