900 விதைக்கு ஒரு சாணி உருண்டை

அனுப்புநர்: புட்டுத்தோப்புப் பக்கம் குடியிருக்கும் ஒருவன், மதுரை.
பெறுநர்: உயர்திரு கருவூல அலுவலர் அவர்கள், ஹைரூல் ராஜ்ஜியம் (வழி: கொரோக் வனம், டெக்கு மரத்தடி).
பொருள்: கொரோக் விதைகள் 900 ஒப்படைத்தது – சன்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: அரிமர்த்தன பாண்டியன் காலத்துக் குதிரைக் கொள்முதல் கோப்பு.

ஐயா,

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்ற பெயரில் 2017 மார்ச்சில் நின்டெண்டோ திறந்துவிட்ட தங்கள் ராஜ்ஜியத்துக்குள், சிங்கப்பூர் அத்தான் வாங்கிவந்த ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி வழியாக நுழைந்தவன் நான். இளவரசி கோட்டைக்குள் தனியாக அரக்கனை மறித்து நிற்கிறாள், சீக்கிரம் போ என்றார்கள். நூறு வருஷம் நின்றவள் இன்னும் ரெண்டு மாசம் நிற்க மாட்டாளா என்று நான் செடி பறிக்கப் போய்விட்டேன்.

காகரிகோ கிராமத்துக்குப் போகிற வழியில் தங்கள் ஊழியர் ஹெஸ்டு நின்றிருந்தார். மரத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி ஆள். தன் கிலுகிலுப்பைக்குள் இருந்த விதைகளை மற்ற கொரோக்குகள் எடுத்து ஒளித்துவிட்டன என்று அழாத குறை. இரக்கப்பட்டு ஒரு விதை கொடுத்தேன். ஒரு ஆட்டம் ஆடி, ஆயுதப் பையில் கூடுதலாக ஓர் இடம் தந்தார். அடுத்த இடத்துக்கு 2 விதை, அதற்கடுத்து 3, பிறகு 5, பிறகு 8. மதுரையில் கந்துவட்டி பார்த்து வளர்ந்தவனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பதினோராவது இடத்துக்கு 55 விதை வாங்கிக்கொண்டார்.

வாள், வில், கேடயம் மூன்றுக்கும் 441 விதையோடு பை நிரம்பிவிடுகிறது. பாக்கி 459 எதற்கு என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். நான் கேட்கவில்லை. எந்தத் திசையில் நடந்தாலும் வழிப்போக்கன் கையில் நாலு விதை சிக்கட்டும் என்றுதான் ராஜ்ஜியம் முழுக்கத் தூவி வைத்திருக்கிறீர்கள். மொத்தத்தையும் பொறுக்கச் சொல்லி யாரும் ஆணை போடவில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மனு மனுதான்.

விதை பொறுக்குகிற வேலையைப் பற்றிக் குறை இல்லை. தாமரை இலை வளையத்துக்குள் குதிப்பது, கல் வட்டத்தில் விடுபட்ட கல்லைக் கொண்டுவந்து வைப்பது, ஓடி ஒளியும் பூவைத் துரத்துவது. சிலைகளின் முன்னே தட்டுகளில் ஆப்பிள் இருக்கும், ஒரு தட்டு மட்டும் காலி. இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாம்படிக் கருப்பருக்குப் படையல் போடுகிற குடும்பம். பக்கவிளைவுதான் கொஞ்சம் அதிகம். போன தைப் பொங்கலுக்குக் கீழக்குயில்குடியில் சமணர் மலை ஏறினோம். உச்சியில் தனியாகக் கிடந்த ஒரு கல்லை நான் புரட்டிப் பார்த்ததைக் குடும்பமே பார்த்தது. "எதைடா தொலைச்ச?" என்றார் சித்தப்பா.

கடைசி ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 899-இல் நின்றுபோனேன். கொரோக் பக்கத்தில் இருந்தால் குலுங்குகிற முகமூடியைத் தனியே காசு கட்டி வாங்கி மாட்டிக்கொண்டேன். நடந்த பாதையைக் கோடாகக் காட்டும் வரைபடத்தை விரித்து, கோடு படாத இடங்களைப் பென்சிலால் குறித்தேன். ஒன்பது ராத்திரி. ஹெப்ரா பனிமலையில், ஏற்கெனவே மூன்று தடவை தாண்டிப்போன ஒரு முகட்டில், முகமூடி கிலுகிலுவென்று ஆடியது. ஒரு கல். தூக்கினேன். "யாஹாஹா" என்று கொரோக் குதித்தது. அதிகாலை நாலு மணி. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

ஹெஸ்டுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆடினார். என் கையில் ஒரு பொருளை வைத்தார். தங்க நிறம், சுருள் வடிவம், மேலே கூம்பு. நாற்றமடிக்கும் என்று அதன் குறிப்பில் தாங்களே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். பயன்: வேண்டும்போதெல்லாம் ஹெஸ்டு ஆடிக் காட்டுவார்.

காபியோடு வந்த அம்மா திரையைப் பார்த்தார். "ஏன்டா, ராத்திரியெல்லாம் கல்லைத் தூக்குனதுக்குச் சாணியவா குடுத்தாய்ங்க?"

இனி பார்வையில் கண்ட கோப்பு. திருவாதவூர்க்காரர் ஒருவர் பாண்டியனின் மந்திரி. குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு கிளம்பியவர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன் முழுவதையும் கோயிலுக்கே செலவழித்துவிட்டார். மெயின் குவெஸ்ட்டை விட்டு சைடு குவெஸ்ட்டில் இறங்கியவர்களில் எங்கள் மாணிக்கவாசகரே மூத்தவர். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்தும் சேர்ந்தன. ராத்திரியில் நரிகளாக மாறி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் குதறிவிட்டு ஓடின. பிறகு வைகை பெருகியது. கரை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக வந்த கூலியாள் மண்ணைக் கொட்டினதைவிட ஆடிப்பாடித் தூங்கினதே அதிகம். அப்படியும் அவருக்கு உதிர்ந்த பிட்டு முழுசாகக் கிடைத்தது.

தூங்கின ஆளுக்கே பிட்டுக் கூலி கொடுத்த இடத்துக்குப் பக்கத்தில்தான், ஐயா, என் வீடு. அந்தப் பிட்டைத் தின்னவாவது முடிந்தது. தங்கள் சன்மானத்தை என்ன செய்ய?

அன்று கூலியாள் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதல் ஊரார் வரை எல்லோர் முதுகிலும் விழுந்தது. அந்த முன்னுதாரணப்படி, எனக்கு வழங்கிய சன்மானத்தையும் இத்திட்டத்தை வகுத்த அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கிட்டு வழங்குமாறு கோருகிறேன்.

ஒன்றில் மட்டும் தங்கள் துறையைப் பாராட்டியே ஆக வேண்டும். 900 விதை ஒப்படைத்தேன். ஒரு தடவைகூட மூன்று நகல் கேட்கவில்லை, பச்சை மையில் கையெழுத்து கேட்கவில்லை, சாப்பாட்டு நேரம் என்று ஹெஸ்டு எழுந்து போகவில்லை.

2023-இல் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' என்று ராஜ்ஜியத்தை மறுபடி திறந்து, விதைகளை 1,000 ஆக்கியிருக்கிறீர்கள். முடிவில் அதே தங்க உருண்டைதான் என்பதும் தெரியும். இன்று காலை நிலவரம் 212.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கல் புரட்டுகிறவன்.

இணைப்பு: சன்மானம், அசல் ஒன்று. நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்காரர் மறுத்துவிட்டார்.