விசாப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

நெல்லை டவுன் ரத வீதிகளில் ஜாதகக் கட்டோடு அலையும் அப்பாமாருக்கு முதல் யோசனை. ‘மாப்பிள்ளை அமெரிக்காவுல இருக்காரு’ என்று தரகர் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். ‘என்ன விசாவே?’ என்று கேளுங்கள். அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

எச்1பி என்றால் கம்பெனி கூட்டிப்போன ஆள். மூன்று வருஷம், நீட்டித்தால் ஆறு. உங்கள் மகளுக்குக் கிடைப்பது எச்4. அவள் எம்.ஈ.யில் தங்க மெடல் வாங்கியது எச்4-க்குத் தெரியாது. பால் வாங்கலாம், கார் ஓட்டலாம், சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. 2015-இல் ஒரு சின்னக் கதவு திறந்தது: மாப்பிள்ளையின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு பாஸாகியிருந்தால், மனைவி வேலை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே சம்பளத்தைப் பிறகு விசாரியுங்கள். ‘ஐ-140 ஆயிட்டா?’ என்பதே முதல் கேள்வி.

‘கிரீன் கார்டு அப்ளை பண்ணியாச்சு’ என்றால் உடனே தட்டு மாற்றாதீர்கள். எந்த ஒரு நாட்டுக்கும் வருஷ ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. நம் ஆட்கள் கூட்டத்துக்கு அது போதாது; வரிசை வருஷக் கணக்கில் நிற்கும். இருட்டுக்கடை அல்வா வரிசையாவது ராத்திரிக்குள் முடியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் கணவனும் போய் நின்றுகொள்ளலாம். அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது அங்கேயே பிறந்த பெண் என்றால், மூல நட்சத்திரமே ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்க வேண்டும். சிசேரியனுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் ஜோசியர்கள் இனி ஊரையும் சேர்த்துக் குறிக்கலாம்.

அடுத்தது பதிவு. ஊரே வந்து சாப்பிட்ட கல்யாணமானாலும் தூதரகத்துக்குச் சான்றிதழ்தான் கல்யாணம். 2009-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மாப்பிள்ளைக்கு லீவோ மூன்று வாரம். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். தாலி கட்டிய மறுநாள் சொதி விருந்து வைத்துவிட்டு, மத்தியானம் சார்பதிவாளர் ஆபீஸ் போகலாம் என்று திட்டம் போடுவார்கள். தேங்காய்ப்பால் சொதியை மூன்றாம் தடவை ஊற்றிக்கொண்டவர், எத்தனை இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொண்டாலும், மூன்று மணிக்கு எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. பதிவு முதலில், சொதி பிறகு.

கல்யாண வீட்டில் பேசக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் தாலி கட்டிய ஒருவர் அமெரிக்காவில் மிசூரி கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டார். 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, பொதுவாக அந்தச் சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும் என்றது. ஆகவே சான்றிதழின் ஒரிஜினல் மகள் பெட்டியில் இருக்கட்டும். அங்கே ஏதாவது காகிதம் நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெயர். நமக்கு உள்ளது இனிஷியல். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு பாஸ்போர்ட்டில் ‘காந்திமதி’ என்று மட்டும் போட்டிருப்போம். அமெரிக்க விசாவில் காந்திமதி குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று வரும். பத்திரிகை அடிக்குமுன்னே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

நாங்கள் திருத்தவில்லை. தங்கச்சி விசா வந்த அன்று பெருமையாக ஆச்சியிடம் காட்டினேன்.

“இது என்னல, பேருக்குக் கீழ?”

“பேரு தெரியலைன்னு அர்த்தம் ஆச்சி.”

ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

“பேரு கூடத் தெரியாமலா அந்தப் பய தாலி கட்டினான்?”