45 நாள் மாப்பிள்ளை

அவன் வந்துவிட்டான் என்பது ஷூ சத்தத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் வங்கிக் கிளையில் மேனேஜர் முதற்கொண்டு யாரும் பத்தரை மணிக்கு மேல் ஷூவுக்குள் காலை வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். சித்தூரின் மே மாத வெயில் அப்படி. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, டை, முதுகில் லேப்டாப் பை, கையில் கல்லூரிக் கடிதம் என்று ஒருவன் டக் டக்கென்று உள்ளே நுழைந்தால் வாசல் காவலர் எழுந்து சல்யூட் வைப்பார், ஆடிட்டர் என்று நினைத்து. கடிதத்தைப் பார்த்ததும் பாதியில் நின்ற கை தலையைச் சொறியப் போய்விடும்.

கல்லூரி பாஷையில் அவன் சம்மர் இன்டர்ன். எங்கள் பாஷையில் ‘ப்ராஜெக்ட் பையன்’. முன்பெல்லாம் எம்பிஏ படிப்பவர்கள் மட்டும் வருவார்கள். ஆந்திரத்தில் இப்போது டிகிரிக்கும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றாகிவிட்டதால், மாம்பழ சீசனில் மாங்காய்க்கு நிகராக இவர்களும் வந்து இறங்குகிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த கடைசிக் கோடை 2025. அந்த வருஷம் வந்தவனை வைத்துச் சொல்கிறேன். வேறு எந்த வருஷத்துப் பையனை வைத்துச் சொன்னாலும் சட்டையின் நிறம்தான் மாறும்.

அவனுடைய முதல் பிரச்சினை நாற்காலி. அமெரிக்காவின் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி, இன்டர்ன்கள் நடுராத்திரிக்கு மேல் காலை ஏழு மணி வரை ஆபீசில் இருக்கக் கூடாது என்று 2015-ல் உத்தரவே போட்டது. எங்களுடையவனுக்குப் பகலிலேயே ஆபீசில் இருக்க இடம் கிடையாது. யார் லீவோ அவர் நாற்காலி அன்று அவனுக்கு. எல்லாரும் வந்துவிட்ட நாளில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நிற்பான், மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. காபி வரும், மரியாதை வரும், வேலை மட்டும் வராது.

முதல் நாள் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“எந்த ஊருப்பா?”

“திருப்பதி சார். தினம் பஸ்ல வந்து போறேன்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளை முழுக்க ஒரு சலசலப்பு. 70 கிலோமீட்டர் எப்படி வந்து போவாய் என்று யாரும் கேட்கவில்லை.

“300 ரூபா தரிசன டிக்கெட்டு நாலு கிடைக்குமா?”

அவன் அப்பாவுக்குக் கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் பெட்டி, பை விற்கிற கடை. தேவஸ்தானத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஏழுமலையான்தான். “நாங்களே அலிபிரியில படியேறித்தான் சார் போவோம். 3,550 படி” என்றான்.

“நடக்கறது நல்லதுதான். டிக்கெட்டுக்குச் சொல்லி வை” என்றார் மேனேஜர். அன்று முதல் அவன் பெயர் திருப்பதி. வேறு பெயர் உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

லேப்டாப்பில் கடன் அபாயம், வாராக்கடன் என்று அழகழகாக ஸ்லைடு வைத்திருந்தான். அதைத் திறக்கும்முன் பாஸ்புக் பிரின்டர் பக்கம் தள்ளிவிட்டோம். ஓடாத மெஷினை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்பதை அவன் மூன்றே நாளில் கண்டுபிடித்தான். எட்டு வருஷமாக இருக்கிற எங்களுக்கு அது தெரியாது.

அடுத்து ஃபாரம். சித்தூர் விசித்திரமான ஊர். மதராஸ் ராஜதானியில் இருந்துவிட்டு 1953-ல் ஆந்திரத்தோடு போனது. பலருக்கு வீட்டில் தமிழ், ரோட்டில் தெலுங்கு, வங்கி ஃபாரத்தில் இங்கிலீஷ். கவுண்டரில் கேட்டால் நாங்கள் எரிந்துவிழுவோம். சும்மா நிற்கிறவன் ஒருவன் கிடைத்தால் விடுவார்களா? “நாயனா, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு” என்று ஒரு அவ்வா, அதாவது பாட்டி, ஆரம்பித்து வைத்தாள். மறுநாள் அவனைச் சுற்றி ஒன்பது பேர். ஆர்.கே.நாராயண் 1952-ல் எழுதிய நாவலில் மார்கய்யா என்று ஒருவர், வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் காசு பார்ப்பார். எங்களவன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இலவசமாக எழுதினான், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பளமாக முருங்கைக்காய் வந்தது. ஒருநாள் ஒரு கூடை கிளிமூக்கு மாங்காய்.

அந்த மாங்காய்க்கு அந்த வருஷம் விலையே இல்லை. கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. கிலோவுக்கு ஃபேக்டரி 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தரும் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான், பங்காருபாளையம், யாதமரி ரைத்தெல்லாம் (விவசாயிகள்) பாஸ்புக்கோடு எங்கள் வாசலில். “நாலு ரூபா ஏறிச்சா?” ஏறவில்லை. இதைச் சொல்கிற வேலை யாருக்கு? திருப்பதிக்கு. ஒரே ‘இல்லை’யை ஐம்பது பேரிடம் ஐம்பது விதமாக, யாரும் கோபித்துக்கொள்ளாதபடி சொல்லக் கற்றுக்கொண்டான். எந்த எம்பிஏ பாடத்திட்டத்தில் இது இருக்கிறது?

இதற்கிடையே, இந்த ஊரையே தலைமையிடமாக வைத்திருந்த சப்தகிரி கிராமீண வங்கி அந்த மே 1-ஆம் தேதி ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியோடு இணைந்து பெயரிழந்தது. அந்தப் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு சிலர் எங்கள் கவுண்டருக்கு வந்து, “எங்க பேங்க் உங்ககிட்ட வந்துடுச்சாமே” என்றார்கள். அதுவும் திருப்பதி கணக்கில்தான்.

மே கடைசி வாரம்தான் அவனுக்கு அக்கினிப் பரீட்சை. பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீட்டுக்கும் பிரீமியம், 436-ம் 20-ம், கணக்கிலிருந்து தானாகக் கழிகிற வாரம். குடிபாலாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாஸ்புக்கை வரி வரியாக விரலால் தடவி, 20-ல் விரலை நிறுத்தினார்.

“இது யார் எடுத்தது?”

“இன்சூரன்ஸ் தாத்தா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“நான் போடலை. போட்டேன்னு நீ சொல்றியா? காணிப்பாக்கம் வா. குளத்துத் தண்ணியில முங்கி, பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணு.”

காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்கிற தைரியம் இந்த மாவட்டத்தில் கொலைகாரனுக்கும் வராது. பையன் வெளுத்துப்போனான். அவன் டை கட்டத் தெரியாத வயதில் அவர் போட்ட கையெழுத்து அது. பழைய ஃபாரத்தைத் தேடி எடுத்துக் காட்டினோம். பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “என் கையெழுத்துதான். ஆனா நான் போடலை” என்றார்.

நகைக்கடன் மேஜையில் வேறு பாடம். நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்று அவன் ஸ்லைடில் இருந்தது. ஆசாரி உரைகல்லில் தேய்த்து, கம்மலில் கல் எடையைக் கழித்துக்கொண்டிருந்தார். எதிரே நம் அவ்வா. வட்டியைக் கட்டி மாற்றி வைப்பதா, மீட்டுவிட்டுத் திரும்ப வைப்பதா, எது லாபம் என்று அவனைக் கேட்டாள். அவன் எக்செல் திறந்தான். அது திறந்து முடிவதற்குள் அவ்வா விரல் கணுவில் எண்ணி முடித்து, வட்டிப் பணத்தை நீட்டிவிட்டாள். எக்செலும் கடைசியில் அதையேதான் சொன்னது.

இவ்வளவும் நடந்தது. ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரு வரி இல்லை. அதன் தலைப்பு ‘சித்தூர் நகர வங்கிச் சேவையில் வாடிக்கையாளர் திருப்தி: ஓர் ஆய்வு’. இருபத்தைந்து கேள்வி, நூறு பேர். முதல் கேள்வியை ஒரு ரைத்திடம் நீட்டினான். “திருப்தியா? நாலு ரூபா வரட்டும், சொல்றேன்” என்று அவர் நடந்துவிட்டார். அவ்வாவிடம் மாத வருமானம் கேட்டான். “பையன் குடுத்தா உண்டு” என்றாள். அதற்குக் கட்டம் இல்லை. பதினேழு பேரோடு களப்பணி முடிந்தது. மீதி எண்பத்து மூன்றை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நீலப் பேனா, ஒரு கறுப்புப் பேனா, இடது கையால் கொஞ்சம் என்று அவனே எழுதி முடித்தான். எட்டிப் பார்த்தேன். “41-ஆம் எண் நீங்கதான்” என்றான். வயது 25 முதல் 35, இல்லத்தரசி, ‘மிகவும் திருப்தி’. கை-ஸ்கொயர் சோதனை போட்டுப் பார்த்ததில், சேவைக்கும் திருப்திக்கும் தொடர்பு இருப்பது நிரூபணமாயிற்று.

கடைசி நாள் லட்டு கொண்டுவந்தான். காலையிலேயே தீர்ந்துவிட்டது. லெட்டர்பேடில் சர்டிஃபிகேட் தயாரானது: 45 நாள் பயிற்சி, நன்னடத்தை, கீழே வட்ட முத்திரை. வாங்கிப் பார்த்தவன் அசையாமல் நின்றான்.

“சார், இதுல என் பேரு திருப்பதின்னு இருக்கு.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். எங்களைப் பார்த்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

“அது ஒண்ணும் பெரிய விஷயமில்லப்பா. மாத்திக்கலாம்” என்றார். “அந்த நாலு டிக்கெட்டு என்னாச்சு?”