கொட்டாஞ்சேனையில் ஆங்கில இரட்டைச் சொற்கள்: ஒரு விலைவாரி ஆய்வு

ஆங்கிலத்தில் பொருள் நெருங்கிய சொற்கள் சோடி சோடியாகத் திரிகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டப்போய் எத்தனையோ டியூஷன் மாஸ்டர்மாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் லண்டனில் தமது பெரிய அகராதியை வெளியிட்டபோது கொழும்பு 13ஐக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. பரப்பு: ஜம்பட்டா வீதி, புதுச்செட்டித் தெரு, புனித லூசியாள் பேராலயச் சுற்றாடல், அவசியமேற்படின் வெள்ளவத்தை. கருதுகோள்: இரண்டு சொல்லுக்கும் ஒரே விலையென்றால் அவை ஒரு பொருள் குறித்த பல சொல், விலை வேறென்றால் பொருளும் வேறு.

முதலில் ஹோட்டலும் ரெஸ்டோரண்டும். ஹோட்டல் என்றால் படுக்கை உண்டு என்று அகராதி அடம்பிடிக்கும். கொட்டாஞ்சேனைச் சைவ ஹோட்டலில் படுத்தால் எழுப்பிக் கலைத்துவிடுவார்கள். அங்கே மேசையில் ஏற்கெனவே இருவர் இருந்தாலும் மூன்றாவது கதிரை பொதுச்சொத்து. உட்கார்ந்ததும், கேளாமலே, உழுந்து வடையும் கடலை வடையும் மரக்கறி ரோலும் குவிந்த தட்டொன்று வந்து சேரும், பக்கத்தில் சம்பல். தின்றதற்கு மட்டும் காசு. தட்டில் மிஞ்சியதைப் பார்த்து வயிற்றில் போனதைச் சொல்லும் அந்தக் கழித்தல் கணக்கில் பரிமாறுபவர் பிழைவிட்டதாக வரலாறில்லை. மிஞ்சிய வடை அடுத்த மேசைக்கு நகரும். கை துடைக்க நாலாக வெட்டிய பத்திரிகைத் தாள். மரண அறிவித்தல் பக்கம் அகப்பட்டால், யாருக்கு அந்தியேட்டி என்று வாசித்துக்கொண்டே துடைக்கலாம்.

ரெஸ்டோரண்டில் அதே வடை இரண்டு மட்டும் வெள்ளைத் தட்டில், வெட்கப்பட்டவை போல், மல்லி இலை சூடி வரும். மெனு கார்ட் உண்டு, டிஷ்யூ உண்டு, பில்லின் அடியில் பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ் உண்டு. அப்படியானால் ஹோட்டலில் சேர்விஸ் இல்லையா என்று கேட்கக்கூடாது. சேர்விஸ் இருக்கிறது, சார்ஜ்தான் இல்லை. ஆகவே இவ்விரு சொற்களுக்கும் இடையிலான பொருள் வேறுபாடு பத்து வீதம். இத்தனை துல்லியமான வரையறை ஒக்ஸ்போர்ட் அகராதியிலும் கிடையாது.

பூட்டிக் என்ற சொல்லையும் பார்க்கலாம். இலங்கை ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் சீனியும் பருப்பும் தாளில் சுற்றித் தந்த தெருமுனைக் கடை. இன்று கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உடுப்புத் தொங்கும் இடம். விலை ஏறியதும் பொருளும் ஏறிவிட்டது.

பிளேன் என்றால் எதுவும் சேராதது. பிளேன்டீயில் சீனி உண்டு. இஞ்சி பிளேன்டீயில் இஞ்சியும் உண்டு. இல்லாதது பால் மட்டுமே. பால்மா விலை கூடும் ஒவ்வொரு தடவையும் டீக்கும் பிளேன்டீக்கும் இடையிலான பொருள் வேறுபாடு விரிகிறது. மொழியியலாளர் இதைக் கவனிக்காதது வியப்பே.

இந்தக் குழப்பத்தை நம்மவர் தொடக்கிவைத்ததாக யாரும் பழி சொல்ல வேண்டாம். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்துவைத்த தேவாலயம் பக்கத்திலேயே நிற்கிறது: வுல்வெண்டால். அவர்கள் மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை, ஊளையிட்டவை நரிகள். தேவாலயமோ நிற்பது மேட்டில். ஓநாய்க்கும் நரிக்கும், பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே பெயரில் வித்தியாசம் தவறவிட்ட சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அக்காலத்தில் நரிக்கு விலை இல்லாததே காரணம் என்பது என் துணிபு.

கொலேஜ், கொன்வென்ட் என்ற சோடி சற்றுச் சிக்கலானது. பிற தேசத்தில் கொலேஜ் பட்டப்படிப்புக்குரியது. கொன்வென்ட் கன்னியாஸ்திரிகள் வாழும் மடம். 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ட் கல்லூரிக்கோ, தண்ணீர்ப் போத்தல் கழுத்தில் தொங்க, மூக்கு ஒழுகும் ஐந்தாறு வயதுப் பொடியன்கள் போகிறார்கள். அவர்கள் எல்லோரும் கொலேஜ் மாணவர்கள். அவர்களுடைய தங்கச்சிமார் குட் ஷெப்பர்ட் கொன்வென்டில். ‘கொன்வென்டில் படித்த மணமகளுக்குக் கொலேஜில் படித்த மணமகன் தேவை’ என்ற விளம்பரத்தை வெள்ளைக்காரர் வாசித்தால் திருச்சபைக்கு முறைப்பாடு எழுதுவார். இச்சோடியின் விலை வேறுபாடு கலியாணப் பேச்சிலேயே வெளிப்படும். சீதனம் தனி ஆய்வுக்குரியது.

ரூம், அனெக்ஸ் ஆகியவற்றை நேரில் ஆராய வெள்ளவத்தை ஒழுங்கையொன்றுக்குப் போனேன்.

“இது ரூம்தானே அன்ரி?”

“என்ன தம்பி, அனெக்ஸ் எண்டெல்லே சொன்னனான். வழி வேற, மீட்டர் வேற.”

வழி என்பது வீட்டின் பின்புறம், கொடியில் காயும் சோட்டிகளைக் குனிந்து கடக்கும் ஒடுங்கிய சந்து. மீட்டர் என்பது சப் மீட்டர். இங்கே மின்சாரம் கூடப் பாவித்தால் ஓர் அலகின் விலையும் கூடும்; இரண்டு குடும்பத்தின் பாவிப்பு ஒரே பில்லில் சேர்ந்தால் மேல் படியின் விலைதான் வரும். ஆக, மீட்டருக்கும் சப் மீட்டருக்கும் இடையிலுள்ள பொருள் மாதாமாதம் வாடகைக்காரரின் தலையில் விடியும். அடுத்து முற்பணம். அட்வான்ஸ் என்றால் வாடகையில் கழியும். டெபோசிட் என்றால் வீட்டை விடும்போது திரும்பி வரும். இதில் எதைக் கேட்கிறார் என்று விசாரித்தேன்.

“ரெண்டும்தான் தம்பி.”

சொல் வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக உணர்ந்த இன்னொருவரை நான் சந்திக்கவில்லை.

விதிக்கு அடங்காத சோடியொன்றும் உண்டு. பஸ்ஸில் காலை மிதிக்குமுன் எக்ஸ்கியூஸ் மீ, மிதித்தபின் சொறி என்று பள்ளியில் படித்தோம். பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதி வழியே வரும் பஸ்ஸில் இரண்டும் மிதியும் ஒரே நேரத்தில் வருகின்றன. எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் இலவசம். இலவசமான சொற்களை ஆராய்வதற்கு யாரும் நிதி தருவதாகவும் இல்லை.