எந்த ஆறு வாரம்?

ஒரு மனைவி, ஈரோடு: வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மாருதி ஸென் ஒன்று இருக்கிறது. அதன் எஞ்சினை இறக்கிவிட்டு எஸ்டீம் எஞ்சினை ஏற்றப் போகிறாராம் என் கணவர். ஆறே வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார். நம்பலாமா?

எந்த ஆறு வாரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரது கணவர், அதே முகவரி: என் மனைவி உங்களுக்கு எழுதியிருப்பாள் என்று தெரியும். சார், இரண்டு எஞ்சினும் ஒரே குடும்பம். தூக்கி வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று மெக்கானிக்கே சொல்கிறார். அப்புறம் என்ன தயக்கம்?

குடும்பம் ஒன்றுதான், மறுக்கவில்லை. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை. கார்புரேட்டர் ஸென்னில் இருப்பது 993 சிசி, 50 குதிரைத்திறன். பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ எஸ்டீமில் 1298 சிசி, 85 குதிரைத்திறன். வண்டியின் எடையோ சுமார் முக்கால் டன். மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும். கார்ப் பைத்தியங்கள் நடுவே இந்தக் கூட்டணிக்கு மவுசு இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை. எஞ்சின் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் கதையே ஆரம்பம். உங்கள் ஸென் கார்புரேட்டர் மாடல் என்றால் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியு வேண்டும், அதற்கான ஒயரிங் முழுசாக வேண்டும், பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்பும் பம்ப் வேண்டும், ஆக்ஸிஜன் சென்சார் வேண்டும். 993 சிசியின் சூட்டுக்கு அளவெடுத்த ரேடியேட்டர் புது விருந்தாளியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆக்ஸில், கிளட்ச் கேபிள், சைலன்ஸர் பைப். வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும் என்பது பலருக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு காரணம். ஒயரிங்காரர் வரும் அன்று பம்ப் வந்திருக்காது. பம்ப் வந்த அன்று லேத்காரர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருப்பார். அதுவரை நீங்கள் ஆபீஸுக்கு டவுன் பஸ்.

சட்டம் தெரிந்தவன், சேலம்: ஆர்சி புத்தகம் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம் என்கிறது.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். பழைய ஸென் 2006-லேயே நின்றுபோனது. ஆகவே ஊரில் ஓடுகிற எந்த ஸென்னும் 15 வயதைத் தாண்டியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அன்றைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொல்வார். சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தவர், அடுத்து எஞ்சின் பக்கம் குனிவார். அவரை விடுங்கள், எங்காவது மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் அவரைவிட ஆழமாகக் குனிவார். மாற்றிய வண்டியை மனசாட்சியோடு ஓட்ட இங்கே இடம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரியான ரேஸ் ட்ராக்குகள்தான். அங்கெல்லாம் உங்களுக்கு ஆபீஸ் இல்லை.

சன்னிவேல் சண்டியர், கலிஃபோர்னியா: இங்கே மாஸ்டா மியாட்டாவில் வேறு எஞ்சின் ஏற்றித் தினமும் வேலைக்கு ஓட்டுகிறார்கள். எனக்கும் ஆசை. நானே செய்வதா, செய்து முடித்ததை வாங்குவதா?

உங்கள் ஊரில் இதற்கு முறையான வழி உண்டு. எனவே உங்களுக்கு நீளமான பதில். போடுகிற எஞ்சின் காரின் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அந்த எஞ்சினுக்கு உரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் ஒன்று விடாமல் கூடவே வர வேண்டும். ரெஃப்ரி என்கிற புகைச் சோதனை அதிகாரி பார்த்து, திருப்தியானால் ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் இல்லாத மாற்று எஞ்சின் காரைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இனி எஞ்சின். 1989-ல் வந்த முதல் மியாட்டாவுக்கு 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குள். இதற்குள் ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் எல்எஸ் வி8-ஐத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். நுழைகிறது என்பதே வேடிக்கை. கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல் ஏறாமல் பிளாக்குக்குள்ளேயே சுழல்வதால் இந்த வி8-க்கு உருவம் சிறிசு. பிளாக் அலுமினியம் என்பதால் எடையும் பயமுறுத்தாது. ஆனால் அந்த பலத்தை மியாட்டாவின் கியர்பாக்ஸும் பின் டிஃபரென்ஷியலும் தாங்காது, அவையும் போகும். ரேடியேட்டர் போகும், முன் சப்ஃபிரேம் போகும். கடைசியில் மாஸ்டா கொடுத்ததில் மிச்சம் கதவும் கண்ணாடியும்தான். இன்னொரு கட்சி, அக்கார்டிலும் சிஆர்-வியிலும் வந்த ஹோண்டாவின் கே24. அடாப்டர் பிளேட் ஒன்று வைத்தால் மாஸ்டா கியர்பாக்ஸே போதும். வாய் பிளக்கவைப்பது வி8. திங்கட்கிழமை காலை ஏசி போட்டு ட்ராஃபிக்கில் நகர என் ஓட்டு ஹோண்டாவுக்கு.

செய்வதா வாங்குவதா? தினமும் ஓட்டத்தான் என்றால் வாங்குங்கள். எஞ்சின் விலையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்த பில்லில் எஞ்சின் ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டு பக்கம் இருக்கும். செய்தவருக்குப் போட்ட காசு திரும்புவது அபூர்வம். அவருடைய நஷ்டத்தில் உங்களுக்குக் கார் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: போன வாரம் முடித்து, எஞ்சின் அறையைப் பளபளவென்று துடைத்து, போட்டோ எடுத்து விற்கிற காரை வாங்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் யாரையாவது வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த, கொஞ்சம் அழுக்கான காரைத் தேடுங்கள். முதல் வருடத்து ஒழுகல், உரசல், லூஸ் கனெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் அந்த ஆள் காசு கட்டி முடித்திருப்பார்.

அவசரக்காரன், திருப்பூர்: விற்பவர் ‘சின்னச் சின்ன வேலைதான் பாக்கி’ என்கிறாரே?

அந்தச் சின்ன வேலைக்குப் பயந்துதான் விற்கிறார்.

உஷார் பார்ட்டி, லண்டன்: அப்படி ஒரு காரைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது? அருமையான மாற்று என்கிறார்கள், எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது.

ஸ்பேனர் வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும். போன உடனே பானட் மேல் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருமுன்பே யாரோ ஸ்டார்ட் செய்து சரிபார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று டீ குடிக்கப் போய்விடுங்கள்.

திரும்பி வந்து சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பிரச்சினை. எரியவே இல்லை என்றால் பெரிய பிரச்சினை: பல்பைக் கழற்றிவிட்டார்கள். அடுத்து ஏசியைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். விற்பவர் அலுத்துக்கொள்வார், அலுத்துக்கொள்ளட்டும். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழன்று தானாக நிற்கிறதா? டாஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து ‘ட்ராஃபிக்கில் இதைப் போட்டுக்குங்க’ என்றால் வந்த வழியே திரும்பலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள் கண்ணில் பட்டால், கண்ணில் படாதவை இன்னும் மோசம்.

கடைசியாக டாஷ்போர்டு அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெல்ட் எந்தக் காருடையது, மேல் ஹோஸ் எந்தக் காருடையது, கிளட்ச் பிளேட் எந்த வருடத்தது என்று எழுதிவைத்த ஒரு நோட்டு அங்கே இருந்தால், பாதி பேரம் முடிந்த மாதிரி. உங்கள் ஊரில் ஸ்பேர் கடைக்காரர் முதலில் கேட்பது கார் நம்பரைத்தான். நம்பரைத் தட்டினால் அவருடைய கம்ப்யூட்டர் என்றைக்கோ கழற்றி எறிந்த எஞ்சினின் ஹோஸைக் காட்டும். எம்25 நெடுஞ்சாலை ஓரத்தில் ஆவி பறக்க நிற்கும்போது அந்த நோட்டின் அருமை தெரியும். எஞ்சின் மாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எஞ்சின் மட்டும் மாறியதால் கார் தன் அடையாளத்தை இழந்துவிடாது.

பசுமை, புதுச்சேரி: பழைய காரில் மின்சார மோட்டார் வைத்தால்?

52-வது பிரிவு விட்டுவைத்திருக்கும் கதவுகளில் அதுவும் ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட கிட் என்றால் அனுமதி உண்டு. சத்தம் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

பழைய பேப்பர், மயிலாப்பூர்: கார் கம்பெனிகளே எஞ்சின் மாற்றிய கதைகள் நம் நாட்டில் இல்லையா?

நம் ஊரிலேயே உண்டு. 1985-ல் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி8 கர்ஜித்தது. இங்கே உள்ளே போனது வான்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 2 லிட்டர் எஞ்சின். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறிய மாதிரி. சில வருடங்களிலேயே கதை முடிந்தது.

இதற்கு நேர் எதிர் கான்டெஸா. வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பில் முதலில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினை வைத்தார்கள். ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. பிறகு இசுசுவின் 1817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. அதே எஞ்சின் 1990-களில் அம்பாசடருக்குள்ளும் போனது. எஞ்சின் மாற்றிய காரைத் தமிழ்நாட்டில் நிம்மதியாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்த இசுசு கார்கள் இரண்டையும்தான். மாற்றியது கம்பெனி, ஆர்சியில் இருப்பதும் இசுசு. பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்தால் நீங்கள் பாட்டுக்கு வெளியே நின்று போன் பேசலாம். கதவு ரப்பருக்கும் முன் கண்ணாடிக்கும் அலைய வேண்டியிருக்கும், அது வேறு.

பானட் பைத்தியம், பொள்ளாச்சி: அப்படியென்றால் நாமே செய்யவே கூடாதா? எனக்கு ஓட்டுவதைவிடக் கழற்றி மாட்டுவதில்தான் சுகம்.

அப்படிச் சொல்லுங்கள்! உங்களுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆபீஸ் போக வேறு வண்டி இருக்கட்டும். ட்ராக்குக்கென்றே ஒரு ஸென்னை ஒதுக்குங்கள். மழை விழாத ஷெட் ஒன்று வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்டர் சுற்றி நம்பர் எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது. இறக்கிய பழைய எஞ்சினைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஆர்சியில் இருப்பது அதன் நம்பர்தான்.