தேய்த்தால் தேயும் சரித்திரம்

கேள்வி: பரமத்திவேலூரில், காவிரி மணலில், சட்டைப் பொத்தான் அளவில் பச்சை பூத்த செம்பு வில்லை ஒன்று கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்தால் அது என்னவென்று தெரிந்துவிடுமா?

பதில்: பளபளப்பு தெரியும்; பெயர் தெரியாமல் போகும். களிம்பு எனப்படும் அப்பச்சைப் படலம், செம்பு ஈரத்தோடும் காற்றோடும் நெடுங்காலம் கூடி உண்டாவது என்பதால், பழைய எழுத்தின் மேடும் பள்ளமும் பல வேளைகளில் அந்தப் படலத்திலேயே பதிந்து நிற்கின்றன. புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைகிறது. பரமத்திவேலூருக்கு எதிர்க்கரையான கரூர்ப் பக்கத்தில், அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சிறு வெள்ளிக் காசில், மனிதத் தலை ஒன்றின் மேல், தமிழின் மிகப் பழைய எழுத்துமுறையான தமிழியில் ‘மாக்கோதை’ என்று பொறித்திருந்ததை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டதால்தான், சங்கப் பாடல்கள் போற்றும் சேரர் பெயர் ஒன்று காசின் மீதும் நிற்பது உறுதியாயிற்று. அந்தக் காசுக்குப் புளி வைத்தியம் நேராதது தமிழர் பேறு. எடை, விட்டம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சாய்ந்த வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுவதே அடையாளம் காண ஏற்ற வழி.

கேள்வி: கண்டெடுத்தவரே வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: நாணயத்தைக் காட்டிக்கொடுப்பதும் நாணயம்தானே? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து வெளிப்பட்ட பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.