பூவின் அலறலும் ஐந்தரை சென்ட்டும்

விடுமுறைக்கு வந்த அக்கா மகன் கணக்கு நோட்டும் கையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். பையனுக்குப் புத்தி வந்துவிட்டதென்று எட்டிப் பார்த்தேன். பத்துக்குப் பக்கத்தில் பூஜ்ஜியங்கள் எறும்புச் சாரி போல மார்ஜினைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

“என்னடா இது?”

“பூ கத்துனதுல எவ்வளவு பவர்னு பார்க்கிறேன் மாமா.”

பூ என்றதும் என் மனசு மல்லிகை, முல்லை என்று போனது. இது அந்தப் பூ இல்லையாம். அகிரா டோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த ‘டிராகன் பால்’ காமிக்ஸில் வரும் இளஞ்சிவப்பு அரக்கனாம்.

அந்தக் கதையில் ஒரு அறை உண்டு. வெளியே ஒரு நாள் கழிந்தால் உள்ளே ஒரு வருடம். அதாவது உள்ளே ஒரு முழு நாள் இருந்துவிட்டு வந்தாலும், வெளியே நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்பில் வைத்த பால் பொங்கியிருக்காது. ஈர்ப்பு விசை பூமியைப்போல 10 மடங்கு. காற்று கால்வாசி. வெப்பம் 50 டிகிரிக்கும் மைனஸ் 40க்கும் நடுவே ஊசலாடும். தங்குவதற்குக் கட்டில், குளியலறை, தின்பதற்கு மாவு. நான் படித்த காலத்து விடுதியைவிட ஒரு படி மேல்தான். வாசற்படியைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று வெட்டவெளி.

பூ அந்த அறைக்குள் இருக்கும்போது, அவனை எதிர்க்கும் பிக்கோலோ என்பவன் கதவை உடைத்து வழியை அடைத்துவிடுகிறான். ஆத்திரத்தில் பூ போட்ட அலறலில் அந்த உலகத்திலேயே ஓட்டை விழுகிறது. அது வழியாக வெளியே வந்துவிடுகிறான்.

இப்படி யார் எதை உடைத்தான், அவனை யார் அடித்தான் என்று சங்கிலி கோத்து பலத்தை அளக்கும் வித்தைக்குப் பெயர் பவர் ஸ்கேலிங். எம்ஜிஆரா சிவாஜியா என்று டீக்கடையில் தொண்டை கிழிந்த தலைமுறைக்குக் கணக்கு நோட்டு தேவைப்படவில்லை.

“அந்த இடம் இன்பினிட்டி மாமா. சுத்தி எங்கயும் எல்லையே தெரியல. எல்லையில்லாத இடத்தைக் கிழிச்சான்னா, அவன் பலத்துக்கும் எல்லையில்ல.”

அவன் குளிக்கப் போன நேரத்தில் புத்தகத்தைப் புரட்டினேன். பரப்பு பூமி அளவு என்று கதையிலேயே இருக்கிறது. பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். நமக்குப் புரிகிற பாஷையில் 12,600 கோடி ஏக்கர். பெரிய சொத்துதான். ஆனால் பத்திரம் போடக்கூடிய சொத்து.

“அது தோராயமா சொன்னது மாமா” என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே.

“சரி, ஓட்டை போட்டா மொத்தத்தையும் உடைச்சதா ஆயிடுமா? போன மாசம் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டு தாழ்ப்பாளை உடைச்சேனே, அப்ப இந்த வீட்டையே இடிக்கிற பலம் எனக்கு இருக்கா?”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீங்க தாழ்ப்பாள் லெவல் மாமா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “குழந்தை வாய்க்குள்ள ஏழு உலகத்தையும் பார்த்தா யசோதை. பார்த்துட்டு வாயை அளக்க டேப்பா தேடினா?”

பயல் உடனே பேனாவை எடுத்து, ‘கிருஷ்ணர் – 7 உலகம், வாய் மட்டும்’ என்று குறித்துக்கொண்டான்.

மறுநாள் என் மனையை அளக்க சர்வேயர் வந்தார். இவனும் ஒட்டிக்கொண்டு வந்தான். அந்த மனையை நான் வாங்கிய கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு சாயங்கால வேளையில் புரோக்கர் என்னை வெட்டவெளியில் நிறுத்தி, “பாருங்க சார், கண்ணுக்கெட்டின தூரம்” என்றார். பார்த்தேன். எல்லைக்கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லை தெரியாத இடமெல்லாம் பெரிய இடம் என்று நானும் நம்பி, ஐந்தரை சென்ட்டுக்குப் பணம் கட்டினேன்.

சர்வேயர் இரண்டு தடவை டேப் பிடித்தார். ஐந்தே கால் சென்ட்.

கால் சென்ட் என்றால் கிட்டத்தட்ட 109 சதுர அடி. சுளையாக ஒரு அறை. எந்த உலகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டதோ!

“நின்னு பார்த்தா பெரிசாத் தெரியுதே சார்!” என்றேன்.

“பார்த்தா தெரியும் சார். அளந்தா இவ்வளவுதான்.”

பத்திரத்தை விரித்து, ஐந்தரை என்று எழுதியிருந்த வரியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது: “அது தோராயமா சொன்னது மாமா.”

அப்போது நான் கத்திய கத்தலில் எந்த உலகத்திலும் ஓட்டை விழவில்லை. வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் என் மனையில் மேயத் தொடங்கியது.